ஒற்றை மாணவர்

"றஊப் நானா, இண்டைக்கும் நீங்கள் மட்டும்தான். ஆலங்குடாவில காற்று எப்படி?"

"குறைவு, மிஸ். தொடங்குங்கோ" என்று பாலச்சந்திரன் ஒற்றை விரலால் எழுதி அனுப்பினார்.

ஆலங்குடாவில் ஒரு கடற்கரை விடுதிக்கு அவர்தான் காவலாளி. காற்றுக் காலம் முடிந்து, பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பன்னிரண்டு கபானாக் குடில்களும் பூட்டிக் கிடந்தன. முதலாளி றஊப் எப்போதாவது ஒருநாள் வந்து எட்டிப் பார்ப்பார். அவர் கொடுத்த பழைய போனில் அவருடைய பெயரே இருந்தது. பாலச்சந்திரன் அதை மாற்றவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு இந்த இணைய வகுப்பு. நோர்வேயில் பௌதிகம் படிப்பிக்கும் வதனா, ஆர்வம் உள்ளவர்களுக்காக இலவசமாகத் தமிழில் நடத்துவது. தொடங்கும்போது நாற்பது பேர் இருந்தார்கள். பிறகு பத்தாகி, மூன்றாகி, இப்போது ‘றஊப் நானா’, அதாவது றஊப் அண்ணன், என்ற பெயரில் இவர் ஒருவர்தான் மிச்சம். மைக் பழுது என்று முதல்நாளே சொல்லிவிட்டதால் அவள் பேசுவாள், இவர் எழுதுவார்.

ஒரு காலத்தில் கிளிநொச்சியில் ரேடியோ திருத்தியவர். பாடத்தில் பாதி விளங்கும். மீதியை வெறும் குரலுக்காகக் கேட்டுக்கொண்டிருப்பார். சில கிழமைகளில் அவர் காதில் விழும் ஒரே மனிதக் குரல் அதுதான்.

"ஒரு இலத்திரனை எடுங்கோ" என்றாள் வதனா. "அதின்ர சுழற்சி மேலயும் பாக்கலாம், கீழயும் பாக்கலாம். அளக்கிற வரைக்கும் ரெண்டும் கலந்தும் நிக்கலாம். ரெண்டு இலத்திரன் சந்திச்சால் ஒரு சின்னக் கணக்கு நடந்த மாதிரி. அப்படிப் பாத்தால் இந்தப் பிரபஞ்சமே ஒரு பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் எண்டு சில பேர் சொல்லினம்."

"உண்மையோ, மிஸ்?"

"தெரியாது நானா. இன்னும் ஒருத்தரும் நிரூபிக்கேல்லை."

"அப்ப அது என்ன விடையைத் தேடுது?"

அவள் சிரித்தாள். பாலச்சந்திரன் போனைக் காதோடு அணைத்துக்கொண்டார்.

"தனியா ஒரு விடை இல்லை. அடுத்த நொடி தான் எப்படி இருக்கப் போறன் எண்டதைத்தான் அது கணக்குப் பாக்குது."

அடுத்த கேள்வியை அவர் இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் அழித்தார். மூன்றாம் தரம் அனுப்பினார்.

"மனுசன் விட்ட பிழையை அது அழிக்குமோ?"

சிக்னல் போய்விட்டதோ என்று எழுந்து வாசல்வரை வந்தார். கடற்கரையில் ஒரு நாய்கூட இல்லை.

"அழிக்காது" என்றது குரல். "எந்தத் தகவலும் முழுசாத் தொலையாது எண்டுதான் கனபேர் நினைக்கினம். ஆனா அதுக்கு மேல புதுசா எவ்வளவோ நடக்கும்."

"விளங்குது."

"நானா, இன்னொரு விசயம். இதுதான் கடைசி வகுப்பு."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை இல்லாத ஒரு கிழமையை எண்ணிப் பார்த்தார். பிறகு எழுதினார்.

"ஏன் மிஸ்? நான் ஒராள் காணாதோ?"

"காணும். அந்த ஒராளுக்காகத்தான் இவ்வளவு நாளும் நடத்தினன்."

"அப்ப ஏன் நிப்பாட்டிறியள்?"

வதனாவின் குரலுக்குப் பின்னால் ஒரு பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

"என்ர கலியாணத்துக்கு வராத மனுசன், ஒரு வகுப்பும் விடாமல் வந்தீங்கள், அப்பா. நீங்கள் கேள்வி கேக்கிற விதத்திலயே ஆளைப் பிடிச்சிட்டன். நான் இப்ப புத்தளத்தில நிக்கிறன். உங்களிட்ட வாறதுக்கு எந்தச் சந்தியில இறங்கவேணும்?"