வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட்

"பஸ் வேண்டாம்" என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். உள்ளே வந்த அரை மணி நேரத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

லலிதா பஸ் விவரத்தை மூடிவிட்டு, ரயிலையும் விமானத்தையும் திரையில் அருகருகே வைத்தாள். குகட்பள்ளியில் இருபது வருஷமாக டிராவல் ஏஜென்சி நடத்துகிறவள். ஐரோப்பா போகிற ஜோடிகளின் சண்டை அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்த தினேஷும் அனுபமாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்கள்.

அவர்களுடைய மகள் பள்ளிச் சீருடையில் சோபாவில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள்.

லலிதாவிடம் தெலுங்கில் பேசினார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் தங்களுக்குள் தமிழில் குத்திக்கொண்டார்கள்.

"ரயில்ல ரெண்டே முக்கால் மணி நேரம். ஏத்தி விட்டா அங்க போய் இறங்கிடலாம்" என்றான் தினேஷ்.

"நடுவுல தூங்கிட்டா? பதறிப்போய் வேற ஊர்ல இறங்கிட்டா? உனக்கென்ன, ஏத்தி விட்டதோட கை கழுவிடுவே. ஃப்ளைட்னா ஏர்லைன்ஸ்காரங்களே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஒப்படைப்பாங்க."

"முக்கால் மணி நேர ஃப்ளைட்டுக்கு ஏர்போர்ட்லயே மூணு மணி நேரம் போயிடும். உன் வீம்புக்கு அந்த ஜீவன் அலையணுமா?"

"ரொம்பத்தான் அக்கறை. வியன்னா வேலைக்குக் கையெழுத்துப் போடறப்ப இந்த அக்கறை எங்க போச்சு?"

"நீயும்தான் கையெழுத்துப் போட்டே."

லலிதா குறுக்கிட்டு, "எந்தமந்தி அண்டி?" என்று எத்தனை பேர் என்பதைக் கேட்டாள்.

"ஒக்கரே" என்றாள் அனுபமா. ஒரே ஆள், மாதத்துக்கு இரண்டு தடவை, போக வர. "ரயில், ஃப்ளைட் ரெண்டுக்கும் விவரம் போட்டு உங்க லெட்டர்ஹெட்ல ஆளுக்கு ஒரு காப்பி குடுங்க. ஒரு இடத்துல காட்டணும்" என்று தெலுங்கில் சேர்த்துக்கொண்டாள்.

விசாவுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் லலிதா. மற்றதெல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. வியன்னாவில் ஒரு பிள்ளை, புடாபெஸ்டில் இன்னொரு பிள்ளை. வயதான அம்மாவை நடுவில் பந்தாடப் போகிறார்கள்.

அவளுடைய அம்மாவும் அப்படித்தான் அலைந்தாள். ஊரின் மறுகோடியில் மெட்டுகுடாவில் அண்ணன் வீட்டில் பதினைந்து நாள், குகட்பள்ளியில் லலிதா வீட்டில் பதினைந்து நாள். பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் பையைக் கையில் கொடுத்ததோடு சரி, ஒருநாள்கூட லலிதா கூடப் போனதில்லை.

"ரயிலா ஃப்ளைட்டான்னு இப்படி அடிச்சுக்கறீங்களே" என்று பளிச்சென்று தமிழில் ஆரம்பித்தாள். இருவரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது கூடப் போகணும்னு தோணிச்சா? யாரும் துணை இல்லாம ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கற மனசு என்ன பாடுபடும்னு நெனச்சீங்களா?"

"உங்க வேலையை மட்டும் பாருங்க மேடம்" என்றான் தினேஷ். அவன் காது மடல் சிவந்திருந்தது. அனுபமா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவனை அவள் மறுத்துப் பேசவில்லை.

"என் வேலையைத்தான் பாக்கறேன். போறவங்க வயசைச் சொல்லுங்க, சலுகை இருக்கான்னு பாக்கணும். அறுபத்தஞ்சு தாண்டியாச்சா?"

லலிதா விடுவதாக இல்லை. கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

சோபாவில் இருந்த சிறுமி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பத்து வயசு ஆன்ட்டி. அப்பா வீட்லேர்ந்து அம்மா வீட்டுக்கு நான்தான் போகணும்."