நெஞ்சின் மேல் ஒரு கை

"இவரு குறட்டையப் பத்தி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன் டாக்டர். சொன்னதெல்லாம் ஊர்தான்!"

தூக்கச் சிகிச்சைப் பிரிவின் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறைக்கு வரும் மனைவிமார்கள் உட்காருவதற்கு முன்பே புருஷனின் குறட்டை மீது புகார் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த அம்மாவோ புருஷனுக்கு வக்கீலாக வந்தவர் போல எதிரே உட்கார்ந்து, டாக்டரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினார். குரல் கொஞ்சம் உரக்கத்தான் இருந்தது. நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள் பேச்சே அப்படித்தான் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

சாய்வு நாற்காலியில் படுத்திருந்த கணவரும் அதே மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தூங்கும்போது நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்துவிடும் கோளாறு அவருக்கு. காற்றைச் செலுத்தும் முகமூடியைப் போட்டுப் பார்த்து, ஒத்துக்கொள்ளாமல் கழற்றி எறிந்திருந்தார். போன மாதம் வேறொரு டாக்டர் அவருடைய தோள்பட்டைக்குக் கீழே, நெஞ்சின் தோலுக்கு அடியில், சின்னக் கருவி ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து மெல்லிய கம்பியை நாக்கின் நரம்புக்குக் கொண்டுபோயிருந்தார். புண் ஆறிவிட்டது. இன்று அதை முதல்முறையாக ஓடவிட வேண்டும்.

"ஊர் அப்படி என்னம்மா சொல்லுச்சு?" டாக்டர் நிமிர்ந்து கேட்டார்.

"மில் குவார்ட்டர்ஸ்ல இவருக்குப் பேரே புல்டோசர்! கூடத் தங்கினவங்க ஒவ்வொருத்தரா மூட்டையக் கட்டிட்டாங்க."

"ஒருத்தன் சும்மா போகல," என்றார் ஃபிட்டர். "துணிக்குப் போடற கிளிப்ப என் மூக்குல மாட்டிட்டுப் போனான்."

"அப்புறம் எப்படிக் கல்யாணம் நடந்துச்சு?"

ஃபிட்டரின் முகத்தில் இளமை வந்து ஒட்டிக்கொண்டது. "பின்னாடி பிரச்சினை வரக் கூடாதுன்னு நானே போய்ச் சொல்லிட்டேன் டாக்டர். மெஷின் ஓடற இடத்துல யாரு பேசறதும் காதுல விழாது. எல்லாருமே வாயசைவப் பாத்துத்தான் பேசிக்குவோம். இவ முன்னாடி போய் நின்னு, 'நான் ரொம்பக் குறட்டை விடுவேன்'னேன். கையிலிருந்த நூல்கண்டக் கீழ போட்டுட்டுச் சிரிச்சா பாருங்க..."

"கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன்," என்றார் மனைவி. "போயும் போயும் என்கிட்ட வந்து சொல்றாரேன்னு! சிரிச்சு முடிச்சுட்டு, சரின்னு தலையாட்டினேன்."

அவர்கள் குடியேறிய முதல் வீடு ஒற்றை அறை. பக்கத்து வீட்டுத் தையல்காரர், குறட்டை தாங்காமல் சுவரை இடிப்பாராம்.

"இடிச்சு இடிச்சுச் சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்து கெடக்கும். காலையில பெருக்கறப்பதான் எனக்கு விஷயமே தெரியும்," என்றார் அந்த அம்மா. "இவரு குறட்டை விட்டா கட்டில் லேசா அதிரும் டாக்டர். தொட்டில் மாதிரி. அதுல நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன். என்ன வீடு அது! மழை பெஞ்சா மூலைக்கு மூலை பாத்திரம் வெப்போம். ஆனா அந்தத் தூக்கம் அப்புறம் எந்த வீட்லயும் வரல."

"ஏன்?"

அவருடைய சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அங்க இருக்கறப்பவே ஒருநாள் கட்டில் சட்டுனு அடங்கிப் போச்சு. முழிச்சுக்கிட்டேன். நெஞ்சுல கைய வெச்சா மூச்சே இல்ல. பதறிப்போய் உலுக்கினேன், வந்துச்சு. அன்னிலேர்ந்து இவரு நெஞ்சு மேல கைய வெச்சுக்கிட்டுத்தான் படுக்கறேன். மூச்சு நின்னா கைக்குத் தெரிஞ்சுடும்."

"இத்தனை வருஷமாவா?"

"இப்பதான் முடியல. கை மரத்துப்போகுது. நான் அசந்த நேரத்துல ஏதாவது..." அவர் டாக்டரை நோக்கி முன்னால் சாய்ந்தார். "இந்த மெஷின் ஓடினா கட்டில் அதிராதாமே? அப்ப இவருக்கு மூச்சு வருதா இல்லையான்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

குறட்டை எப்போது நிற்கும் என்று கேட்டவர்களைத்தான் டாக்டர் பார்த்திருக்கிறார். நின்றுவிடுமே என்று கலங்கியவரை இன்றுதான் பார்க்கிறார். கருவியை ஓடவிட்டு, விசையைப் படிப்படியாகக் கூட்டினார்.

"அட!" என்றார் ஃபிட்டர். "நாக்கு தானா முன்னாடி போகுது!"

"நீங்க மூச்சு இழுக்கறப்பெல்லாம் அது நாக்க முன்னாடி தள்ளி வழி விடும்."

டாக்டர் அந்த அம்மாவின் கையைப் பிடித்து, விரல்களைக் கணவரின் தாடைக்கு அடியில் வைத்தார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு மூச்சுக்கும் விரலுக்கடியில் சின்னதாய் ஓர் அசைவு.

"தெரியுது," என்றார். "நல்லாத் தெரியுது."

டாக்டருக்கும் என்னவோ போலிருந்தது. முகத்தைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிக்கொண்டு, தட்டச்சு செய்தபடியே சொன்னார்.

"அம்மா, இவர் தூங்கப் போறப்ப, மெஷின ஓடவிட இந்த ரிமோட்ட நெஞ்சு மேல வெச்சு அமுக்கணும். பீப்னு ஒரு சத்தம் வரும். வந்துச்சான்னு நீங்க கவனிச்சுக்குங்க."

பதில் இல்லை.

"சரியாம்மா?" டாக்டர் சற்று உரக்கக் கேட்டார்.

அதற்கும் பதில் இல்லை. திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. விரல்களும் தாடையை விட்டு நகரவில்லை.

"சத்தத்த நான் கேட்டுக்கறேன் டாக்டர்," என்றார் ஃபிட்டர். "முகத்தப் பாத்தாத்தான் அவளுக்குப் பேச்சு புரியும். சின்ன வயசுல காய்ச்சல் வந்து ரெண்டு காதும் போயிடுச்சு. ஊரே கேட்ட என் குறட்டைய, அவ ஒருநாள்கூடக் கேட்டதில்ல."