விளையாட்டுன்னா அடிபடும்

"கையைத் தூக்குடி" என்றாள் அக்கா, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவியபடி.

தங்கை தூக்கவில்லை.

"பழைய அளவுலயே தைச்சுடுக்கா. கை மட்டும் மணிக்கட்டு வரைக்கும் வச்சுடு."

"இந்தப் புழுக்கத்துல முழுக்கையா? வெந்து போயிடுவே."

இருபது வருஷமாகத் தையல் கடை வைத்திருப்பவளிடம் அந்தப் பேச்சு எடுபடுமா? அக்கா அவள் கையைப் பிடித்து, சட்டையைத் தோள்வரை ஏற்றிவிட்டாள்.

மேல்கையில் நீலம் பாரித்துக் கிடந்தது. ஒன்றல்ல, வரிசையாக நாலு.

"அடிப்பாவி! எவடி அவ, இவ்வளவு குறி பார்த்துச் சுட்டவ?"

தங்கை சிரித்தாள். சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

அவள் பெயிண்ட்பால் விளையாடப் போக ஆரம்பித்து நாலு மாசம் ஆகிறது. காற்றுத் துப்பாக்கியால் ஒருத்தரையொருத்தர் சுட வேண்டும். சாயம் நிரப்பிய குண்டு மேலே பட்டு உடைந்தால் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. 'காசு கொடுத்து அடி வாங்குறது' என்று அக்கா அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

"முன்னெல்லாம் படியில விழுந்தேன், கதவுல இடிச்சுக்கிட்டேன்னு வருவே. இப்ப துப்பாக்கிச் சூடு. பதவி உயர்வுதான் போ!"

"விடுக்கா."

"என்னத்த விடறது? உடம்பா இது, புள்ளி போட்ட துணியா? வேற ஒருத்தனா இருந்தா இந்தக் கூத்துக்கு விட்டிருப்பானா? மாப்பிள்ளை தங்கமான மனுஷன், அதனால உன் பாடு நடக்குது."

தெருவும் அதையேதான் சொன்னது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் துப்பாக்கி தூக்குகிறாளே என்று தெருவே தங்கையைப் பார்த்து உச்சுக்கொட்டியது. அதே தெரு அவள் புருஷனை மெச்சியது. அவளைச் சேர்த்துவிட்டதே அவர்தான். வாராவாரம் வண்டியில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவதும் அவர்தான். சட்டைப்பையிலேயே களிம்பு வைத்திருப்பார். யாராவது கேட்டால், "விளையாட்டுன்னா அடிபடத்தானே செய்யும்? அவ ஆசைப்படறா, நான் ஏன் குறுக்க நிக்கணும்?" என்பார்.

"அக்கா..."

"சொல்லு."

"ரெண்டு நாள் உன் வீட்டுல தங்கிக்கட்டுமா?"

அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "எதுக்கு? சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. சும்மாத்தான்."

"சும்மா வந்து தங்க இது என்ன சத்திரமா? வாராவாரம் விளையாட ஓடுறது பத்தாதுன்னு வீட்டையும் விட்டுட்டு வந்து உக்காரப் போறியா? பாவம்டி அந்த மனுஷன். முதல்ல அந்த விளையாட்டுக்கு ஒரு முழுக்குப் போடு. காயமெல்லாம் ஆறட்டும். அப்புறம் ரெண்டு நாளென்ன, ரெண்டு மாசம் வந்து இரு."

தங்கை எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

வெளியே வண்டி ஹாரன் ஒரே ஒரு தடவை அடித்தது. சின்னதாகத்தான் அடித்தது. அதற்குள் அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். மாப்பிள்ளை வண்டியிலிருந்தபடியே அக்காவைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார்.

அவர்கள் போய் அரை மணி நேரம் இருக்கும். உயரமான ஒரு பெண் கடைக்குள் வந்தாள். கையில் ஒரு காகிதம்.

"நீங்கதானே அவளோட அக்கா? நான் பெயிண்ட்பால் கோச். ஒரு கையெழுத்து வாங்கத்தான் நானே வந்தேன்."

"என்ன கையெழுத்து?"

"அடுத்த மாசம் புதுசா சேர்ந்தவங்களுக்குப் போட்டி நடக்குது. அஞ்சு பேர் டீம். அதுல முதல் பேரே உங்க தங்கச்சிதான். ஏதாவது ஆபத்துன்னா யாரைக் கூப்பிடணும்னு ஒரு இடம் இருக்கு பாருங்க, அதுல உங்க பேரைத்தான் எழுதியிருக்கா."

அக்கா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "ஏன், புருஷன் பேரை எழுதலையா?"

"நானும் கேட்டேன். 'அக்கா பேரே இருக்கட்டும்'னு சொல்லிட்டா."

"கூறு கெட்டவ."

"அப்படிச் சொல்லாதீங்க. புதுசா வர்றவங்க துப்பாக்கிச் சத்தம் கேட்டாலே மிரண்டு எழுந்து ஓடுவாங்க. இவ மூச்சுக்கூட விடாம உக்காந்திருப்பா. காலடிச் சத்தத்தை வச்சே யாரு, எந்தப் பக்கம், எவ்வளவு கோபத்துல வர்றாங்கன்னு சொல்லிடுவா. அதையெல்லாம் நான் சொல்லிக் கொடுக்கல. எங்கே கத்துக்கிட்டேன்னு கேட்டா சிரிக்கிறா."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. காகிதத்தை மேஜைமேல் வைத்துத் தள்ளினாள்.

"இதைப் பாருங்கம்மா, நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்களுக்கு ஜெயிக்கணும், எனக்கு என் தங்கச்சி வேணும். கை, முதுகு, தோள்பட்டைன்னு அவ உடம்புல இனி காயம் பட இடமில்ல. இப்பக்கூட என் கண்ணால பார்த்தேன், மேல்கையில வரிசையா நாலு. உங்க குண்டு பட்டுப்பட்டு அவ பாதியாயிட்டா!"

கோச் புரியாமல் அக்காவைப் பார்த்தாள்.

"எங்க குண்டா? சேர்ந்த நாள்லேருந்து அவ மேல ஒரு குண்டுகூடப் பட்டதில்லையே!"