ஹைட்ரஜன் இருக்கும் இடம்

"இந்தக் காலத்துல பெரியவங்க பேச்சை எவ கேக்கறா? வேணாம்னு சொன்ன வேலைக்குத்தான் ஓடறாளுங்க" என்று முணுமுணுத்தபடி ஓசூர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தார் சூசைநாதன். முன்பு ஹைட்ரஜன் சிலிண்டர் வெடித்ததில் ஒரு காது கேட்காமல் போனவர் அவர். மருமகள் ரெனிட்டாவுக்கு ஹைட்ரஜனோடு வேலை என்று தெரிந்ததும், கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்தார்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க மாமா, பூட்டைத் திறக்கறேன்" என்று வெள்ளைப் பொடி அடைத்த பாட்டிலை நீட்டினாள் ரெனிட்டா.

அதை மார்போடு அணைத்துக்கொண்டு அறைக்குள் போனவர், மேசைக்கடியில்கூடக் குனிந்து தேடினார்.

"சிலிண்டர் ஒண்ணையும் காணமே, ஒளிச்சிட்டியா?"

"ஒளிக்கலை மாமா. ஹைட்ரஜன் இங்கதான் இருக்குது."

"எங்க? அது இருக்கற எடத்துல நான் ஒரு நிமிஷம் நிக்கமாட்டேன்!"

"நிக்கறதென்ன, கட்டிப்பிடிச்சிட்டே இருக்கீங்களே!"

சூசைநாதன் பாட்டிலைப் பார்த்தார். "இந்த உப்பா?"

"உப்பில்ல மாமா. மெக்னீசியம் போரோஹைட்ரைடுல அமோனியா சேர்த்து நாங்க செஞ்ச பொடி. ஹைட்ரஜன் இதுக்குள்ள கட்டுண்டு கெடக்குது. சூடு காட்டுனாத்தான் வெளிய வரும்."

அவர் மெல்ல ஆட்டிப் பார்த்தார். சீறல் இல்லை. மோந்து பார்த்தார். வாடையும் இல்லை.

"அந்தப் பேயையா இப்படி அடக்கி உக்கார வெச்சிருக்கீங்க!" என்று வாய்விட்டுச் சொன்னவர், மருமகள் சிரிப்பதைக் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டு பாட்டிலை இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தார்.

"வீட்டுக்குக் கிளம்பலாமா மாமா?"

"உனக்கு வேலை கெடக்குதில்ல, அதைப் பாரு. ஆனா நான் ஒண்ணும் நம்பலை" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக நடந்தார்.