தொட்டிலைச் சுற்றி

பதினோரு அறைகள் கொண்ட வீட்டுக்கு வைஃபை திட்டம் போடப் போயிருந்தேன். வீட்டுக்கார அக்காவின் குழந்தை குறைமாதத்தில் பிறந்தவன். தூங்கும்போது சிலசமயம் அவனுக்கு மூச்சு நின்றுவிடும். தொட்டிலுக்கு மேலே மாட்டிய கேமராவின் படம் ஒரு நொடிகூட அறுபடக் கூடாது என்பதுதான் அவளுடைய கவலை.

அறை அறையாக சிக்னலை அளந்தேன். எல்லா இடத்திலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். குழந்தை தூங்கும் மாடி அறையில் மட்டும் முப்பது.

"சுவரால இல்லக்கா. கூட்டம் நிறைஞ்ச ஹால்லதான் இப்படி விழும். மனுஷ உடம்பு சிக்னலைக் குடிச்சிடும்."

"நாம ரெண்டு பேரும் ஒரு பச்சப்புள்ளையும்தானே இருக்கோம்? என் உடம்பைப் பாத்துச் சொல்றீங்களா தம்பி?"

இருவரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

கீழே, கூடத்தை ஒட்டிய அறையில் தொண்ணூற்றைந்து காட்டியிருந்தது. தொட்டிலை அங்கே மாற்றச் சொன்னேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். நான் தொட்டிலைச் சுமந்தேன். கேமராவை மாட்டிவிட்டு, மாடி அறையை இன்னொரு முறை அளந்தேன்.

தொண்ணூற்றாறு.

இப்போது அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"தம்பி, கீழ வாங்க. படம் நின்னுடுச்சு."

ஓடினேன். கீழ் அறையின் வாசலில் தொண்ணூறு. உள்ளே ஓரடி வைத்ததும் முப்பது. அக்கா தொட்டிலின் மேல் குனிந்து மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"விடறான்," என்றாள். "எவ்வளவு காட்டுது?"

தொட்டிலைத் தவிர வேறொன்றும் இல்லாத அந்த அறையில், தோள்களைக் குறுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நடந்துதான் அவளிடம் போனேன்.