துண்டுக்கு வெளியே சொன்ன விலை

"யாரோ ஒருத்தன் இந்தப் புள்ள மனசைக் கெடுத்திருக்கான். அவன் மட்டும் என்ற கையில சிக்கட்டும், தோலை உரிச்சு மொளகோட சேத்துக் காயப் போட்டுடறேன்!"

பஸ்ஸுக்குக் குறுக்கே நின்று கத்தினார் சிங்கராயர்.

மாரமங்கலத்திலிருந்து சேலத்துக்கு இறங்குகிற காலை பஸ். ஜன்னலோரம் லூர்துசெல்வி. பக்கத்தில் அவள் அப்பா கிறிஸ்துதாஸ், எஸ்டேட் வாட்ச்மேன். காலடியில் தகரப் பெட்டி. பிரசவம் பார்க்கிற மிட்வைஃப் படிப்பை முடித்து, போன வருஷம்தான் ஊருக்கு நர்ஸாக வந்தாள். வளைகுடாப் போர் ஓய்ந்த கையோடு, இன்றைக்குக் குவைத்துக்கு வேலைக்குப் புறப்பட்டுவிட்டாள்.

"ஏனுங், கொஞ்சம் ஒதுங்குங்க. டைம் ஆகுதுங்க" என்றான் கண்டக்டர் மாதேஸ்வரன்.

"உன்ற டைமைக் கொண்டுபோயி டாப்புல கட்டு! ஊருக்கு ஒரு பிரசவ ரூம் வேணும்னு ஆபீஸ் ஆபீஸா ஏறிச் சண்டை போட்டவன்டா நானு. கட்டில் வந்துச்சு. நம்மூருப் புள்ளையே நர்ஸாவும் வந்துச்சு. இப்பப் பறக்கப் போவுதாம்! எவன் சொல்லிக் குடுத்தான்? பேரைச் சொல்லு கண்ணு!"

அதில் பொய்யில்லை. சந்தையில் மாட்டுக் கயிறு பிடித்து ஆரம்பித்து மிளகு மண்டிக்கு முதலாளி ஆனவர். மல்லுக்கட்டினால் கிடைக்காதது உலகத்தில் இல்லை என்று நம்புகிற மனுஷன். பிரசவ ரூமும் அப்படி வாங்கியதுதான்.

"யாரும் சொல்லிக் குடுக்கலைங்க மாமா. நானாத்தான் போறேன்" என்றாள் லூர்துசெல்வி.

"குண்டு போட்டு இப்பத்தான் ஓஞ்ச ஊரு அது! அங்க போயி என்னத்தப் பாக்கப் போற?"

"அங்கயும் பொம்பளைங்க புள்ள பெக்கறாங்க மாமா."

பஸ்ஸுக்குள் சிரிப்பு கிளம்பியது. சிங்கராயருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"ஏன், இந்த மலையில பெக்கலையா?"



பெற்றார்கள். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பெற்றார்கள். காசுள்ளவர்கள் ஜீப் பிடித்துக் கீழே டவுனுக்குப் போய்ப் பெற்றார்கள். லூர்துசெல்வியிடம் மட்டும் யாரும் வரவில்லை. தலைவலி மாத்திரைக்கு வந்தார்கள். புண்ணுக்கு மருந்து போட வந்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பிரசவக் கட்டிலில் விரித்த ரப்பர் ஷீட்டை வாரா வாரம் கழுவிக் காயவைத்துத் திரும்ப விரிப்பாள். அது ஒரு பிரசவத்துக்கும் நனைந்ததில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். "கல்யாணமே ஆகாத புள்ள. பெத்துப் பாக்காதவளுக்கு வலியைப் பத்தி என்ன தெரியும்?" ஊர் முழுக்க இதே பேச்சு. முதலில் கிளப்பிவிட்டது யாரென்றுதான் தெரியவில்லை. படித்த வித்தை கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் வந்த அன்றைக்குத்தான் குவைத்துக்கு எழுதிப் போட்டாள்.

"செரி, உடு." சிங்கராயர் குரலை இறக்கினார். வியாபாரம் பேசப் போகிறார் என்று புரிந்து டிரைவர் இஞ்சினையே அணைத்துவிட்டார்.

ஜன்னலுக்கு வந்தவர், தோள் துண்டை எடுத்து வலது கையை மூடிக்கொண்டு கிறிஸ்துதாஸ் பக்கம் நீட்டினார். மாட்டுச் சந்தைப் பழக்கம். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை சொன்னால் சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது.

"கையை உள்ள உடு கிறிஸ்து. உம்மவ ஊர்லயே இருக்கறதுக்கு என்ன வேணும்? சம்பளத்துக்கு மேல போட்டுத் தரணுமா? ஊடு வேணுமா? கூசாமக் கேளு."

"என்னைக் கேக்காதீங்கண்ணா. நானே கெஞ்சிப் பாத்துட்டேன்."

"துண்டு வேண்டாங்க மாமா" என்றாள் லூர்துசெல்வி. "என்ற விலையை எல்லாத்துக்கும் கேக்கற மாதிரியே சொல்லிடறேன். சாந்தாமேரிக்கு இது மாசந்தானுங்க?"

சாந்தாமேரி சிங்கராயரின் ஒரே மகள். தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். லூர்துசெல்வியோடு ஒரே பெஞ்சில் படித்தவள்.

"அவ பிரசவத்தை என்ற கையில குடுங்க. இப்பவே எறங்கிடறேன்."

நீட்டிய துண்டு அப்படியே நின்றது. ஒரு நொடிதான். பஸ்ஸே தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்ததும் சிங்கராயர் குரல் பழையபடி ஏறியது.

"அட, இவ்வளவுதானா! குடுத்தாப் போச்சு! நானா வேண்டாம்னேன்? எவன் தடுத்தான்? தடுத்தவனைக் காட்டு, ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

லூர்துசெல்வி எழுந்துவிட்டாள். பெட்டியின் பிடியில் கையும் வைத்துவிட்டாள்.

பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து விடாமல் ஹாரன் சத்தம். ரோடு அடைத்துக் கிடந்ததால் ஒரு ஜீப் மாட்டிக்கொண்டு நின்றது. சிங்கராயரின் ஜீப். டிரைவர் அங்கப்பன் தலையை வெளியே நீட்டினான்.

"மொதலாளி! பஸ்ஸை ஒதுக்கச் சொல்லுங்க! பாப்பாவுக்கு வலி கண்டுருச்சு. நீங்க சொல்லி வெச்ச மாதிரியே நேரா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க!"

சிங்கராயர் துண்டை உதறித் தோளில் போட்டார். அது நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனியவில்லை.

ஜீப்பின் பின்சீட்டில் தலையணைக்கு நடுவே கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள் சாந்தாமேரி.

"ஏனுங்கப்பா, நீங்க போட்ட சத்தம் ஜீப்பு வரைக்கும் கேட்டுச்சு. அவ மனசைக் கெடுத்தவனைத் தேடறீங்களாக்கும்?" ஒரு வலி வந்து போகும்வரை பல்லைக் கடித்தாள். "'கல்யாணம் ஆகாதவ கையில தலைப்பிரசவமா'ன்னு இதே துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நம்மூட்டு வாசல்ல நின்னு மொதமொதல்ல கேட்டாரே ஒருத்தரு, அவருதானுங்க அது. இப்பவாச்சும் அந்த ஆளை அவ பெட்டியை எறக்கித் தன் தலையில வெச்சுப் பிரசவ ரூமுக்குக் கொண்டாரச் சொல்லுங்க. சீக்கிரமாச் சொல்லுங்கப்பா, என்னால முடியலை!"