எத்தனை விளக்கு எரியுது, அக்கா?

"பாஸ்வேர்டு உனக்குத் தெரியாதுல்ல? இரு, எங்கேயோ எழுதி வெச்சேன்" என்று மெலியாமே பைபிளுக்குள் துண்டுக் காகிதத்தைத் தேடினாள்.

"தெரியாதுக்கா" என்றான், நின்று நின்று போகும் வைஃபையைச் சரிசெய்ய வந்த தம்பி சைமோனே. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த எட்டு எழுத்தையும் ஒப்பிப்பான். பொய் சொன்ன வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

மூன்று மாதம் முன்பு வைஃபை பெட்டி வந்த அன்று, அடியில் ஒட்டியிருந்ததை அவனைத்தான் வாசிக்கச் சொன்னாள். "கண்ணாடியைக் காணோம், நீயே சத்தமா வாசி." வாசித்தான். சாயங்காலமே அதைத் தன் மகள் ஃபூசியின் போனில் தட்டிக் கொடுத்தான். அக்காவுக்கு அதெல்லாம் நினைவிருக்காது என்று நம்பினான்.

கேட்டால் தந்திருப்பாள். ஆனால் "ஃபூசி படிப்புக்கு நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று அவள் கேட்டபோது, "தம்பிதான் அக்காவுக்குச் செய்யணும், டோங்காவுல வேற வழக்கம் கிடையாது" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தவன் அவன். அதற்கப்புறம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

தோட்டத்தில் தோண்டிய முதல் வள்ளிக்கிழங்கு அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு ஆரஞ்சு பறிக்கப் போய், இடுப்பு பிடித்துக்கொண்டு பாதியில் திரும்பியவன் இந்த வருஷம் ஒரு கிழங்குகூட நடவில்லை. கொடுக்க வேண்டியவன் வேலிக்கு அந்தப் பக்கம் தன் வீட்டிலிருந்து திருடிக்கொண்டிருந்தான்.

"பாஸ்வேர்டு இருக்கட்டும்க்கா. பெட்டி எங்க இருக்கு?"

"என் படுக்கையறையில."

சைமோனே கூடத்து வாசலோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். உடன்பிறந்தவள் தூங்குகிற அறைக்குள் கால் வைப்பவனை நெயாஃபு ஊரில் யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். டாக்டர் வாசலிலும் நோயாளி உள்ளேயுமாக வைத்தியம் ஆரம்பித்தது.

"எத்தனை விளக்கு எரியுது, அக்கா?"

"நாலு. மூணு பச்சை, ஒண்ணு சிவப்பு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"எந்த நேரத்துல நின்னு போகுது?"

"ஆறு மணிக்கு மேல. தினமும்."

ஃபூசியின் கல்லூரி வகுப்பும் ஆறு மணிக்குத்தான். வியாழக்கிழமை பரீட்சையும் அதே நேரம், அதே இன்டர்நெட்டில்தான். அதில் தவறினால் அவளுக்கு ஒரு வருஷம் போச்சு.

"நீங்க எதுலக்கா பார்ப்பீங்க, போன்லயா?"

"ஏதோ பார்க்கறேன். நீ வந்த வேலையைப் பாரு."

"சரி, ஆறு மணிக்கு வேற என்ன போடுவீங்க?"

"ஃபேன் போடுவேன். வேகுதேடா!"

"பெட்டியும் ஃபேனும் ஒரே பிளக்குலயா?"

"ஆமா. அது லொடலொடன்னு ஆடுது."

"ஃபேனைப் பிடுங்குங்க. பெட்டியை நேரா சுவத்துல சொருகுங்க."

உள்ளே ஃபேன் சத்தம் நின்றது. "அட, நாலும் பச்சை! பெரிய இன்ஜினீயர்தான்டா நீ" என்று சிரித்தாள் மெலியாமே.

அந்தப் பாராட்டு அவனைச் சுட்டது. அப்படியே எழுந்து போயிருக்கலாம். போனால் மகள் பரீட்சை எழுதிவிடுவாள், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அக்கா கையால் செய்த பலகாரத்தைத் திருடித் தின்றுவிட்டு அவளிடமே தண்ணீர் கேட்கிற மாதிரி இருந்தது அவனுக்கு.

"அக்கா, பெட்டி அங்க இருந்தா கூடத்துக்கே சிக்னல் சரியா வராது. சுவர் கனமா இருக்கு. இங்க கொண்டாந்து வைங்க."

"அங்கயே இருக்கட்டும்டா."

"மூலையில வெச்சு என்ன பிரயோஜனம்? வீட்டுக்கு நடுவுல இருக்கணும். நீங்க காசு கட்டறீங்க, உங்களுக்கு வரவேண்டாமா?"

முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துச் சொருகினாள். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கடைசி விளக்கு எரிந்ததும் சைமோனேயின் சட்டைப்பையில் போன் டிங், டிங், டிங் என்று மூன்று முறை அடித்தது.

பாஸ்வேர்டே தெரியாதவனின் போன்.

மெலியாமே அந்தச் சட்டைப்பையைப் பார்த்தாள். அவனுக்குக் காதுமடல் வரை எரிந்தது. ஐம்பது வயதில் அக்கா முன்னால் இப்படி உட்கார வேண்டியிருக்கிறதே என்று செத்துப்போகலாம் போலிருந்தது.

"மூணு மாசமா ஃபூசி உங்க லைன்லதான் படிக்கறாக்கா" என்றான், தரையைப் பார்த்தபடியே. "நான்தான் திருடிக் கொடுத்தேன். அவளுக்கு இது தெரியாது, நீங்களே கொடுத்ததா சொல்லிட்டேன். பெட்டி இங்க இருந்தா எங்க வீட்டுக்கு எட்டாது. அதுக்குத்தான் இங்க வைக்கச் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

மெலியாமே வயரைப் பிடுங்கினாள், பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி படுக்கையறைக்குப் போனாள். எழுந்து போவதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல் அவன் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தான். உள்ளே, அவன் வீட்டைப் பார்த்த ஜன்னலின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"இதை வாங்கினதே ஃபூசிக்குத்தான்டா. இப்ப அங்க நல்லா வருதான்னு கேட்டுச் சொல்லு."